கீபோர்டு எத்தனை முறை வெளியே வந்தது? லினக்ஸ் கணினியை வரவேற்பறைக் கன்சோல் ஆக்கும் ஐந்து வழிகள்

டிவிக்குக் கீழே கணினியை வைத்து எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் கன்சோல் தயார் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. மறுநாள் அக்கா மகன் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கேம் வரவில்லை. கடவுச்சொல் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி ஒரு சின்னச் சாளரம் திரை நடுவில் நின்றது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது அசையவில்லை. "மாமா, கீபோர்டு கேக்குது" என்று குரல் வந்தது. அலமாரி இழுப்பறையிலிருந்து கீபோர்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரம் மட்டும் ஐந்து தடவை எடுத்தேன்.

நடந்தது இதுதான். கணினி தானாக லாகின் ஆகட்டும் என்று வைத்திருந்தேன். நாம் கடவுச்சொல் தட்டாததால் பெட்டகமும் திறக்காமல் கிடந்தது. வைஃபை கடவுச்சொல் அதற்குள் இருந்தது. வைஃபை இணைப்பை 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று மாற்றினால் அது பெட்டகத்தைத் தேடாது. இரண்டு நிமிட வேலை. ஆனால் அப்படி இரண்டு நிமிட வேலைகள் எத்தனை வரும் என்பதில்தான் ஒவ்வொரு வழியும் மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது. பிரேம் ரேட் ஒப்பீடுகளை எங்கு வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கே என் அளவுகோல் ஒன்றே ஒன்று: ஒரு மாதத்தில் கீபோர்டு எத்தனை முறை இழுப்பறையை விட்டு வெளியே வருகிறது?

இந்த ஆசை புதிதல்ல. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013 டிசம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை (டிஸ்ட்ரோ) அடிப்படையாக வைத்து ஸ்டீம் ஓஎஸ்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. 2015 நவம்பரில் அதில் ஓடும் ஸ்டீம் மெஷின் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன, எடுபடவில்லை. லினக்ஸுக்கென்று எழுதிய கேம்கள் அன்று குறைவு, அதுதான் முக்கியக் காரணம். 2018 ஆகஸ்டில் புரோட்டான் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைனை மையமாக வைத்து, விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராபிக்ஸ் அழைப்புகளை லினக்ஸுக்கும் புரியும் வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே போன்றவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டை அது. பல விண்டோஸ் கேம்கள் 'இன்ஸ்டால்' அழுத்தினால் லினக்ஸிலேயே ஓடும். 2022 பிப்ரவரியில் வால்வின் கையடக்கக் கேமிங் கருவியான ஸ்டீம் டெக், ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ் 3-உடன் வந்தது. கன்ட்ரோலர் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு லினக்ஸ் கணினியை முழுவதுமாக இயக்க முடியும் என்பதை அது காட்டியது. இன்று நமக்குக் கிடைக்கும் வழிகளில் பெரும்பாலானவை அந்த டெக்கின் வேலையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவரும் முயற்சிகளே.

முதல் வழி: இருக்கும் டிஸ்ட்ரோ, மேலே பிக் பிக்சர்

உபுண்டுவோ மின்ட்டோ ஃபெடோராவோ, இப்போது இருப்பதை அப்படியே விட்டுவிடலாம். ஸ்டீம் அமைப்புகளில் கணினி தொடங்கும்போதே ஸ்டீம் திறக்கட்டும், டிவிக்கேற்ற முழுத்திரை முகப்பான பிக் பிக்சரில் திறக்கட்டும் என்று இரண்டு பெட்டிகளில் டிக் போட்டால் போதும். எதையும் அழிக்க வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் டிக்கை எடுத்துவிடலாம். பகலில் அதே கணினியில் வேலை, இரவில் கேம் என்று இருப்பவர்களுக்கு இது இயல்பான தொடக்கம்.

சிக்கல் என்னவென்றால் பிக் பிக்சருக்குப் பின்னால் முழு டெஸ்க்டாப்பும் விழித்துக்கொண்டிருக்கிறது. அப்டேட் அறிவிப்பு கேம் மேல் வந்து உட்காரும். ஏதாவது சாளரம் ஃபோகஸைப் பிடுங்கிக்கொண்டால் கன்ட்ரோலர் அழுத்தம் கேமுக்குப் போய்ச் சேராது. எரிச்சலில் முதலிடம் ஸ்க்ரீன் லாக்குக்கு. கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று டெஸ்க்டாப் முடிவு கட்டிவிடும். கன்ட்ரோலர் அசைவு பெரும்பாலும் அதன் கணக்கில் வராது. பல கேம்கள் 'இப்போது பூட்டாதே' என்று தாமே சொல்லிவிடும், எல்லாம் சொல்வதில்லை. கடைசி எதிரியின் உயிர் ஒரு கோடு மீதம் இருக்கும்போது திரை கறுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்த வழியை எடுத்தால் முதல் வேலையாக ஸ்க்ரீன் லாக்கையும் திரை அணைப்பையும் நிறுத்திவிடுங்கள்.

ஒலியும் இதே ரகம். டிவியை அணைத்தால் எச்டிஎம்ஐ ஒலிப் பாதை காணாமல் போய்விடும். கணினி மதர்போர்டின் ஸ்பீக்கர் சாக்கெட்டுக்கு மாறிக்கொள்ளும். டிவியை மறுபடி போட்டாலும் சில சமயம் திரும்பி வராது. படம் ஓடும், சத்தம் இருக்காது. பயன்படுத்தாத ஒலிக் கருவியை அமைப்பில் முடக்கிவைத்தால் தீரும்.

கீபோர்டு கணக்கு: முதல் மாதம் பத்துக்கு மேல். ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போனால் நாலைந்தில் நிற்கும். அதற்குக் கீழே என்னால் இறக்க முடியவில்லை.

இரண்டாவது வழி: தனி கேம்ஸ்கோப் அமர்வு

கேம்ஸ்கோப் என்பது வால்வ் எழுதிய சிறு கம்போசிட்டர், அதாவது சாளரங்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் நிரல். ஸ்டீம் டெக்கின் கேமிங் மோடில் திரையை ஆள்வது இதுதான். இதை உங்கள் டிஸ்ட்ரோவிலேயே நிறுவி, லாகின் திரையில் டெஸ்க்டாப்புக்குப் பதில் கேம்ஸ்கோப் அமர்வைத் தேர்ந்தெடுக்கும்படி அமைக்கலாம். டெஸ்க்டாப்பே ஏறாது. அறிவிப்பு இல்லை, ஸ்க்ரீன் லாக் இல்லை, ஃபோகஸ் சண்டை இல்லை. கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் ஓடவிட்டு எஃப்எஸ்ஆர் என்ற பட விரிவாக்க முறை மூலம் 4கே டிவிக்குப் பெரிதாக்கித் தருவதும், பிரேம் வரம்பு வைப்பதும் பக்கவாட்டு மெனுவிலிருந்தே முடியும்.

நன்றாகத்தான் இருக்கும், நாம் கட்டியது நிற்கும்வரை. கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), மேசா (கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு), கேம்ஸ்கோப், ஸ்டீம் நான்கும் தனித்தனியாக அப்டேட் ஆகும். ஒன்று தடுக்கினால் கறுப்புத் திரைதான். குறை தீர்க்க வேறு யாரும் வரமாட்டார்கள். கட்டிப் பார்ப்பதிலேயே சுகம் காண்பவர்களுக்கு இதை மனதாரச் சொல்வேன், மற்றவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழி: கன்சோலுக்கென்றே செய்த டிஸ்ட்ரோ

மூன்று பெயர்கள் உண்டு: ஸ்டீம் ஓஎஸ், கைமேரா ஓஎஸ், பாஸைட். மூன்றும் பூட் ஆனதும் நேராக கேமிங் மோடில் போய் நிற்கும்.

ஸ்டீம் ஓஎஸ்ஸை நேரடியாகவே போடலாமே என்றுதான் முதலில் தோன்றும். வால்வ் தரும் மீட்புப் பிரதி வட்டு முழுவதையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும். பக்கத்தில் விண்டோஸுக்கோ வேறு லினக்ஸுக்கோ இடம் கேட்கும் வசதி அதில் கிடையாது. 2025-இல் வந்த 3.7 பதிப்பு வேறு ஏஎம்டி கையடக்கக் கருவிகளுக்கும் ஆதரவை விரித்தது. ஏஎம்டி மேசைக் கணினியில் ஓடக்கூடும், ஆனால் வால்வ் உத்தரவாதம் தரும் பட்டியலில் நம் பெட்டி இல்லை. அதே ஆண்டு நவம்பரில் வால்வ் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது. டிவிக்குக் கீழே வைக்கும் பெட்டி என்பது அவர்கள் மனதிலும் மறுபடி வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கைமேரா ஓஎஸ் ஆர்ச் அடிப்படையிலானது. முழுக் கணினியும் கன்சோல் மட்டுமே, வேறொன்றுக்கும் கிடையாது என்ற கொள்கை கொண்டது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், போனின் பிரவுசரிலிருந்தே எபிக், ஜிஓஜி கடைகளின் கேம்களையும் எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் நிரல்) கோப்புகளையும் அனுப்பிச் சேர்க்கலாம். இதுவும் ஏஎம்டி கார்டைத்தான் எதிர்பார்க்கிறது.

என் ஓட்டு பாஸைட்டுக்கு. ஃபெடோராவின் அட்டாமிக் வகை மேல் யுனிவர்சல் ப்ளூ குழுவினர் கட்டியது. டவுன்லோடு பக்கத்திலேயே உங்கள் கார்டு எது, டெஸ்க்டாப் எது, பூட் ஆனதும் கேமிங் மோடுக்குப் போக வேண்டுமா என்று கேட்டு, அதற்கேற்ற பிரதியைத் தரும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை இணைக்கும் வயர்லெஸ் யுஎஸ்பி செருகிக்கு (டாங்கிள்) தேவையான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. மற்ற டிஸ்ட்ரோக்களில் இந்த ஒன்றுக்காகவே அரைநாள் போகும்.

இதில் உண்மையான லாபம் அப்டேட் முறையில் இருக்கிறது. சாதாரண டிஸ்ட்ரோவில் அப்டேட் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புக்குள் கையை விட்டு ஒவ்வொரு பொட்டலமாக மாற்றுவது. பாஸைட்டில் அமைப்பு முழுவதும் ஒரே பிம்பம், அதாவது பிரிக்காத ஒரு முழு நகல். புதிய பிம்பம் பின்னணியில் இறங்கி, அடுத்த பூட்டில் மாறிக்கொள்ளும். பழையது அழியாது. ஒரு முறை எனக்கு அப்டேட்டுக்குப் பிறகு டிவியில் படம் விட்டுவிட்டு வந்தது. மறுபடி பூட் செய்து, தொடக்க மெனுவில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். நேற்றைய கணினி அப்படியே திரும்பி வந்தது. ஒரு வாரம் பழைய பிம்பத்திலேயே ஓட்டினேன், அதற்குள் அடுத்த அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். முதல் வழியில் இதே கோளாறு வந்திருந்தால் சனிக்கிழமை முழுக்க டெர்மினலில் போயிருக்கும்.

விலை இல்லாமல் இல்லை. அமைப்புக் கோப்புகள் படிக்க மட்டுமே, எழுத முடியாது. செயலிகளை அமைப்பைத் தொடாத ஃப்ளாட்பேக் பொட்டலங்களாகப் போட்டுப் பழக வேண்டும். ஆப்ட், டிஎன்எஃப் என்ற நிறுவல் கட்டளைகளைக் கை தானாகத் தட்டுபவர்களுக்கு முதல் பத்து நாள் செருப்பு கடிக்கும். வேலைக்கும் அதே கணினி என்றால் யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

நாலாவது வழி: கணினி உள்ளறையில், படம் மட்டும் வரவேற்பறையில்

பெரிய கணினி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதில் படத்தை அனுப்பும் சன்ஷைன் நிரல் ஓடட்டும். டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியிலோ டிவியின் ஆண்ட்ராய்டிலோ அதைப் பெறும் மூன்லைட் ஓடட்டும். படம் நெட்வொர்க் வழியே வரும், கன்ட்ரோலர் அழுத்தம் அதே வழியே திரும்பும். ஸ்டீமின் ரிமோட் பிளே இதையே செய்யும், ஆனால் ஸ்டீமுக்கு வெளியே உள்ளவற்றையும் சேர்த்து ஆட சன்ஷைன் எனக்கு வசதியாகப் பட்டது.

வரவேற்பறையில் ஃபேன் இரைச்சல் இருக்காது, சூடு இருக்காது, அலமாரியில் இடம் தேட வேண்டாம். கேபிள் நெட்வொர்க்கில் தாமதம் பெரும்பாலான கேம்களில் கைக்குத் தெரியாது. வைஃபையில் பக்கத்து அறைச் சுவர் முதல் அக்கம்பக்கத்து ரவுட்டர் வரை எல்லாம் விளையாட்டில் கலந்துகொள்ளும். இரண்டு முனையில் ஒன்றாவது கேபிளில் இருக்கட்டும், இரண்டும் இருந்தால் நல்லது. சண்டை கேம், தாள கேம் ஆடுபவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பலரும் இடறி விழும் ஒரு பள்ளம் உண்டு. உள்ளறை மானிட்டரை அணைத்திருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்குத் திரையே இல்லை, படம்பிடிக்கவும் ஒன்றும் இல்லை. டிவியில் கறுப்புதான் வரும். திரை இருப்பதுபோல் நடிக்கும் சிறிய எச்டிஎம்ஐ செருகி ஒன்றைக் கார்டின் பின்னால் சொருகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. டிவியின் ரெசல்யூஷனையே அந்தச் செருகியும் சொல்லும்படி வாங்குங்கள், ஓரங்களில் கறுப்புப் பட்டை வராது.

கீபோர்டு கணக்கில் இந்த வழி ஏமாற்றும். வரவேற்பறையில் பூஜ்யம்தான். ஆனால் உள்ளறைக்கு எழுந்து நடந்த கணக்கு அதில் சேராது.

ஐந்தாவது: பழைய கேம்கள் மட்டும் போதும் என்றால்

பட்டோசெரா அல்லது லக்கா, இரண்டும் எமுலேட்டர்களுக்கென்றே செய்த டிஸ்ட்ரோக்கள். பட்டோசெராவை ஒரு யுஎஸ்பி டிரைவில் எழுதி அதிலிருந்தே பூட் செய்யலாம், வட்டைத் தொடவே வேண்டாம். லக்கா ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் தொகுப்பைச் சுற்றிக் கட்டியது, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலும் ஓடும். புரோட்டான், டிரைவர் கவலை எதுவும் கிடையாது. எமுலேட்டர் சட்டபூர்வமானதுதான், கேம் கோப்பு நீங்கள் வாங்கியதாக இருக்க வேண்டும். பரணில் கிடக்கும் பத்து வருடப் பழைய கணினிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

வழியைவிட முக்கியம், கார்டு

மேலே உள்ளதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பாதி நேரம் நாம் முடிவு செய்வதில்லை, பெட்டிக்குள் இருக்கும் கார்டு முடிவு செய்கிறது. ஏஎம்டியின் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, வல்கன் பகுதி மேசாவில். கேம்ஸ்கோப்பும் டெக்கும் அதன் மேல்தான் வளர்ந்தன. என்விடியாவில் டிரைவர் நிறுவனத்துடையது. கேமிங் மோடு ஓடும், பாஸைட்டிலும் அதற்கெனத் தனிப் பிரதி உண்டு. ஆனால் உறக்கத்திலிருந்து எழும்போது கறுப்புத் திரை, டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸில் கிடைத்த வேகம் குறைவது என்று சின்னச் சின்னத் தொல்லைகள் கூடவே வரும். என்விடியா வைத்திருந்தால் முதல் வழியில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஏஎம்டி வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்கு. உங்கள் டிவி 4கே 120 ஹெர்ட்ஸா? அதற்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். கார்டிலும் அந்த சாக்கெட் இருக்கிறது, டிவியிலும் இருக்கிறது. ஏஎம்டி தன் திறந்த மூல டிரைவரில் அதைச் செயல்படுத்த அனுமதி கேட்டபோது, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ மன்றம் மறுத்துவிட்டது. 2024 தொடக்கத்தில் இது வெளியே தெரிந்தது. அதனால் சாக்கெட் 2.1 ஆக இருந்தும் லினக்ஸில் 2.0 வேகம்தான், அதாவது 48 கிகாபிட் போக வேண்டிய குழாயில் 18. 4கே 60 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். 120 வேண்டுமென்றால் நிறத் தகவலை 4:2:0 என்று நறுக்கித்தான் அனுப்பும். கேம் காட்சியில் அது அவ்வளவாகத் தெரியாது. மெனு எழுத்துகளைப் பாருங்கள், குறிப்பாகக் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் ஓரம் கசிந்து நிற்கும். கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் போட்டால் முழு நிறத்தோடு 120 கிடைக்கும். மாறும் புதுப்பிப்பு வீதம் (விஆர்ஆர்) அடாப்டர் வழியே சரியாக வருமா என்பது அடாப்டரைப் பொறுத்தது. என்விடியாவின் மூடிய டிரைவருக்கு இந்தத் தடை இல்லை. மற்ற எல்லாவற்றிலும் ஏஎம்டி பக்கம் நிற்கும் நான், 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கிவிட்டு அதை முழுசாகப் பயன்படுத்தியே தீருவேன் என்பவருக்கு மட்டும் ஏஎம்டியைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

சோபாவிலிருந்து எழாமல் போட முடியுமா?

கன்சோலின் கன்ட்ரோலர் நடுப்பட்டனை அழுத்தினால் பெட்டி எழும், டிவியும் எழும். நம் கணினியில் இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. கணினி எழ, உறக்கத்திலும் யுஎஸ்பிக்கு மின்சாரம் போக வேண்டும். பயாஸில் ஈஆர்பி என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்து, யுஎஸ்பி மூலம் விழிக்க அனுமதி கொடுங்கள். டாங்கிள் உள்ள கன்ட்ரோலர் என்றால் வாய்ப்பு அதிகம், ப்ளூடூத் என்றால் அடாப்டரின் மனநிலையைப் பொறுத்தது. டிவி எழ, எச்டிஎம்ஐ கேபிள் வழியே கட்டளை அனுப்பும் சிஇசி வசதி வேண்டும். கணினி கிராபிக்ஸ் கார்டுகளில் அநேகமாக அந்த இணைப்பே கிடையாது. நடுவில் பல்ஸ்-எய்ட் செய்யும் யுஎஸ்பி அடாப்டர் போன்ற ஒன்றைப் போட வேண்டும். ராஸ்பெர்ரி பையில் சிஇசி உள்ளேயே இருக்கிறது என்பது அதன் சின்னப் பெருமை. நான் அடாப்டர் வாங்கவில்லை. டிவி ரிமோட் எப்படியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.

கன்ட்ரோலர் விஷயத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கு சோனியே எழுதிய டிரைவர் 2021 முதல் கர்னலில் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 இறுதியில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் முடிவு, டிஸ்ட்ரோ மாற்றி இதைத் தீர்க்க முடியாது. வீட்டில் தினமும் ஓடுவது இவற்றில் ஒன்று என்றால் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது. இன்னொன்று, விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று ஸ்டீம் நூலகத்தை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த வட்டில் வைக்காதீர்கள். புரோட்டான் தன் கோப்புகளை வைக்கும் விதத்துக்கு அது ஒத்துவராது. நாலு கேம் ஓடும், ஐந்தாவது காரணமே சொல்லாமல் மூடிக்கொள்ளும்.

எதையும் அழிப்பதற்கு முன் ஒரு வாரம் முதல் வழியை ஓட்டிப் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை டிவி அலமாரியில் ஒட்டி, கீபோர்டை எடுக்கும்போதெல்லாம் ஒரு கோடும் பக்கத்தில் காரணமும் எழுதுங்கள். அறிவிப்பு, லாக், ஃபோகஸ் என்றே வரிசையாக வந்தால், கார்டும் ஏஎம்டி என்றால், பாஸைட். கார்டின் தகராறு என்றே வந்தால் எந்த டிஸ்ட்ரோவும் கைகொடுக்காது. 'ஃபேன் இரைச்சல்' என்று யாராவது நடுவில் கிறுக்கியிருந்தால் நாலாவது வழியைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஏஎம்டி கார்டு, 60 ஹெர்ட்ஸ் டிவி, பாஸைட். போன மாதக் காகிதத்தில் இரண்டு கோடுகள். ஒன்று, எமுலேட்டர் ஒன்றைச் சேர்க்க நான் டெஸ்க்டாப்புக்குப் போனது. மற்றது, ஒரு கேமின் சொந்த லாஞ்சர் மறுபடி லாகின் கேட்டது. அந்த இரண்டாவது கோட்டை நான் போடவில்லை. அக்கா மகன் யாரையும் கூப்பிடாமல் இழுப்பறையைத் திறந்து, கீபோர்டை எடுத்து வேலையை முடித்துவிட்டு, கோட்டையும் அவனே போட்டிருக்கிறான். கீபோர்டுதான் சோபா அடியில் கிடந்தது.